பட்டுக்கடைக்குப் போன பூச்சி

பட்டு எடுத்துவரத்தான் என்னை மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அக்காள் மகளுக்குத் தை கடைசியில் கல்யாணம். மலாயாவில், எங்கள் தைப்பிங்கில், பட்டு கிடைக்காமல் இல்லை. ஆனால் சொந்தக்காரர் ஒருவர் தியாகராய நகரில் பட்டுக்கடை வைத்திருக்கும்போது உள்ளூரிலேயே எடுத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? சொர்ணத்துக்குப் பிள்ளையா குட்டியா, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவளே போய் வரட்டும் என்று கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் நான் பிறந்து வளர்ந்தது மலாயாவில். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய துறைமுக அதிகாரி, "ஊருக்கு வந்திருக்கீங்களா?" என்று சிரித்தார். "இல்லை சார், உங்க ஊருக்கு வந்திருக்கேன்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பயணம் சண்டையோடுதான் நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

நான் தங்கியது தங்கராசு அண்ணாச்சி வீட்டில். பெரியப்பா மகன். கடை தியாகராய நகரில், குடியிருப்பு மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அவர் மனைவி பொன்னுத்தாய் மதினி என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அழுகை காய்வதற்குள் என் தலையைப் பார்த்து, "என்ன பிள்ள, அதுக்குள்ள நரைச்சிட்டு?" என்றாள். மார்கழிக் குளிர் பொல்லாதது, காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றார்கள். வருஷம் முழுக்க மழை கொட்டுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கா குளிரைச் சொல்கிறீர்கள் என்று சிரித்தேன். மறுநாள் தும்மினேன்.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் நாள் சொதி. தேங்காய்ப்பால் எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் அங்கே அதில் மிளகாயை அள்ளிக் கொட்டிக் கொன்றுவிடுவோம். மதினியின் சொதி இளநீர் மாதிரி இறங்கியது. காப்பிதான் எனக்குச் சரிப்படவில்லை. டின்னில் வருகிற கெட்டிப்பால் ஊற்றிய எங்கள் ஊர்க் கோப்பிக்கு ஏங்கினேன். சொன்னபோது மதினி, "சீக்காளிக்குக் குடுக்கதெல்லாம் குடிப்பீங்களோ?" என்று கேட்டாள்.

இரண்டாம் நாள் காலையில் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் பஜனை போய்க்கொண்டிருந்தது. மதினி பூக்கூடையோடு நந்தியாவட்டைச் செடி முன்னால் நின்று யாரையோ வைதுகொண்டிருந்தாள். சாமி படத்துக்கு அந்தச் செடியில்தான் பூ. ஒரு பக்கம் இலையே இல்லாமல் குச்சியாக நின்றது. நான் குனிந்து பார்த்தேன். விரல் தண்டிக்குப் பச்சைப் புழு ஒன்று, வாலில் சின்னக் கொம்போடு, பதறாமல் இலை தின்றுகொண்டிருந்தது. நான் மூச்சு விட்டதும் தலையை உள்ளுக்கு இழுத்துக் கழுத்தை உப்பவைத்தது. கழுத்தில் இரண்டு கண் திறந்தது. நீலமும் வெள்ளையுமாக, மை தீட்டிய மாதிரி.

பெருக்குகிற முனியம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஐயோ, பாம்புக் குட்டிமா! அம்மா, தள்ளி வா, மூஞ்சில ஊதிப்புடும்!"

அது கண்ணே இல்லை, வெறும் பொட்டு. குருவி பயப்படட்டும் என்று வைத்திருக்கிற வேஷம். எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் விலங்கியல் டீச்சர். முட்டை, புழு, கூடு, பூச்சி என்று நாலு படம் வரைந்து அம்புக்குறி போட்டு வருஷா வருஷம் கரும்பலகையில் சுற்றிச் சுற்றி வந்தவள். எங்கள் ஊர் மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தப் புழுவின் பூச்சி ஊசி குத்திக் கிடக்கிறது. பச்சை வெளுத்துப் பாசி நிறமாகிவிட்ட ஒரே ஒரு பூச்சி. அதற்குத் தமிழில் என்ன பெயரோ எனக்குத் தெரியாது. அரளியையும் நந்தியாவட்டையையும் தின்று வளர்வதால் அரளிப்பூச்சி என்று நானே பெயர் வைத்திருந்தேன். ஆடு மாடு வாய் வைக்காத அரளி இலையைத் தின்று கொழுக்கிற பிராணி என்றால் அதன் மேல் ஒரு மரியாதை வரத்தானே செய்யும்.

ஆனால் ஒரு பூச்சி கூட்டை உடைத்து வெளியே வருவதை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததை இத்தனை காலம் பாடம் நடத்தியிருக்கிறேன். பொங்கல் கழிந்து எனக்குக் கப்பல். அதற்குள் இது புழுவாக இருந்து கூடாகிப் பூச்சியாகிவிடும். பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவது என்று பல் தேய்த்த வாயோடு முடிவு செய்தேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. "அது பின்னால பூச்சியாகுமாமே?"

"ஆமா அண்ணாச்சி. அழகான அந்துப்பூச்சி."

அந்து என்ற வார்த்தையை அந்த வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணாச்சி பிசைந்த சோற்றை இலையில் போட்டார். "பட்டுக்கடைக்காரன் வீட்டுல அந்துப்பூச்சி வளக்கப் போறியா? பாளையங்கோட்டையில மொதக் கடை போட்டப்ப ஒரு மழைக்காலம் பெட்டியைத் தெறந்து பாக்கேன், பூராவும் சல்லடை. அத்தனையும் பட்டு. அந்தப் பெட்டியை எரிச்சுட்டுத்தான் மெட்ராசுக்கு வண்டி ஏறுனேன். பீரோவுல வசம்பும் அந்துருண்டையும் போட்டு இன்னைக்கும் ராத்திரி மோந்து பாத்துட்டுத்தான் படுக்கேன்."

அவர் பயம் நியாயமான பயம். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் தப்பு தப்புதானே. "உங்க பெட்டியை அரிச்சது உமி அளவு பூச்சி, அண்ணாச்சி. அதோட புழுதான் துணி திங்கும். இந்தப் புழுவுக்கு நந்தியாவட்டை இல்லன்னா பட்டினி கிடந்து செத்துப்போகும், உங்க பட்டை மோந்துகூடப் பார்க்காது. பூச்சியாயிட்டா அதுக்குப் பல்லே கிடையாது. பூவுல தேன் உறிஞ்ச ஒரு குழாய், அவ்வளவுதான்லா."

"பூச்சின்னா பூச்சிதான்."

"அப்ப உங்க கடையில இருக்கிற பட்டு எதோட வாயில இருந்து வந்தது?"

மதினி கேட்காமலேயே எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். வாயை அடைக்கத்தான். கடைசியில் அண்ணாச்சி ஒரு வரி சொன்னார்: "செடியில இருக்கட்டும். நடைப்படி தாண்டி உள்ள வந்துது, நான் சும்மா இருக்க மாட்டேன்."

அந்த வாரம் அடையாற்றில் ஆலமரம் பார்க்கப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. இறங்க வேண்டிய இடம் ஜன்னலில் போவதைப் பார்த்துக்கொண்டே சாந்தோம் வரை வந்தேன். "இன்னாமா, பஸ்ஸு உங்க ஊட்டு வாசலாண்டயே வந்து நிக்குமா?" என்று கண்டக்டர் கேட்டார். எங்கள் ஊரில் கண்டக்டர் இப்படிக் கேட்டால் மனு எழுதிவிடுவோம். இங்கே பஸ் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே வீடு வரை நடந்தேன். வழியில் இரண்டு வீட்டு வாசலில் அரளி இருந்தது. எட்டிப் பார்த்தேன். பூத்திருடி என்று நினைத்து ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் முனியம்மா துக்கச் செய்தியோடு நின்றாள். "டீச்சரம்மா, உன் புழு கறுத்துப் பூட்சு. செத்துரும் போலக்கீது."

சாகவில்லை. பச்சை போய்ப் பழுப்பாகி, செடியை விட்டு இறங்கி, கிணற்றடி சிமெண்டுத் தரையில் வெறி பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கூடு கட்ட இடம் தேடுகிற நேரம் அது. முழங்கால் போட்டுப் பின்னாலேயே தவழ்ந்தேன். மதினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். புழு எங்கெங்கோ சுற்றிவிட்டுச் செடிக்கு அடியிலேயே காய்ந்த சருகுக்குள் புகுந்துகொண்டது. இரண்டு சருகை நூலால் பேருக்கு ஒட்டவைத்துக்கொண்டு அதற்குள் கிடந்தது. பிறகு பார்த்தபோது தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு வேர்க்கடலை நிறத்தில் ஒரு கூட்டுப்புழு. பட்டுப்புழு மாதிரி மாளிகை எல்லாம் கிடையாது. மேலே இருந்து பார்த்தால் குப்பை.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் போய்ப் புடவை பார்த்தோம். கூறைப்பட்டு, நிச்சயத்துக்கு, மறுவீட்டுக்கு என்று அண்ணாச்சி தானே எடுத்துப் போட்டார். அவர் கை புடவையை விரிக்கிற அழகைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வருகிறது என்று நினைக்கிறேன். மறுவீட்டுக்கு என்று எடுத்தது இளம்பச்சை உடல், அரக்குக் கரை, விரற்கடை அகலத்துக்கு ஜரிகை. எனக்கு என்ன தோன்றியதோ, அதை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன்.

மதினி சிரித்துவிட்டாள். கெட்ட மனதோடு அல்ல. "ஏ பிள்ள, கல்யாணம் உனக்கா? உன் வயசுக்குச் சந்தனக் கலருல ஒண்ணு பாப்போம். டீச்சருக்கு அதான் எடுப்பா இருக்கும்." விற்பனைக்காரர்களும் தலையாட்டினார்கள். பாதிப் பழுப்பு, பாதிச் சாம்பலாக ஒரு குவியல் என் முன்னால் விழுந்தது. பச்சையைக் கழற்றிக் கொடுத்தேன். கல்யாணம் ஆகாதவளுக்கு நிறமும் கிடையாது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? கேட்கத்தான் நினைத்தேன். கேட்காமல் அந்தக் குவியலைப் புரட்டினேன். அது எனக்கு அவமானமாகவே இருந்தது.

போகி வந்தது. இந்தப் பண்டிகை எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் ஈரத்தில் எதுவும் சரியாக எரியாது. மயிலாப்பூரில் விடியுமுன்பே தெரு முழுக்கப் புகையும் கொட்டுச் சத்தமும். நான் எழுந்து கொல்லைக்குப் போனால் நந்தியாவட்டைக்கு அடியில் தரை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. முனியம்மா முதல் நாள் சாயந்திரமே சருகையெல்லாம் கூட்டி வாசலில் பழைய பாயோடு குவித்துவிட்டாளாம். வாசலுக்கு ஓடினேன். மதினி தீப்பெட்டியோடு நின்றாள்.

"மதினி, இருங்க! என் கூடு இதுக்குள்ள இருக்கு."

"நேரம் போயிட்டு பிள்ள. தெருவே கொளுத்தியாச்சு. பண்டிகை நாளுல பழசு எரிஞ்சாத்தான் வீட்டுக்கு ஆகும்."

"அது பழசு இல்லை."

மதினி குச்சியைக் கிழித்தாள். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை. குப்பைமேல் ஏறாமல் அதன் ஓரத்தில், கிழிந்த பாயின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு மாமி வாசலிலிருந்து கூவினாள்: "ஏன் பொன்னுத்தாயி, உங்காத்துல போகி கொளுத்தலையா? யாரோ குப்பையில உக்காந்துண்டிருக்காளே!" மானம் போயிற்று. போகட்டும். மலாயாவிலிருந்து வந்த டீச்சர், பேர்பெற்ற ஜவுளிக்காரர் வீட்டு வாசலில், போகிக் குப்பையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சருகாக எடுத்து விலக்கினாள். மதினி கையில் குச்சி எரிந்து அணைந்தது.

முனியம்மாவுக்குத்தான் மனது கேட்கவில்லை. "இன்னாமா, பண்டிகையும் அதுவுமா குப்பையைக் கெளறிக்கினு கீறே" என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கிளறினாள். கிடைத்துவிட்டது. உள்ளங்கையில் வைத்ததும் ஒரு தடவை நெளிந்தது. நன்றாகக் கறுத்திருந்தது. தோலுக்கு அடியில் இறக்கையின் கோடு தெரிந்தது. இன்றோ நாளையோ வந்துவிடும். எனக்கு அழுகை வந்தது. மதினிக்கு முன்னால் அழக்கூடாது என்று இருமினேன்.

"இது வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் உள்ளேயிருந்து அண்ணாச்சி.

"வராது" என்றேன். பிஸ்கட் டின்னில் மணல் போட்டு, சருகு போட்டு, கூட்டை வைத்து, என் கைப்பைக்குள் செருகிக்கொண்டேன். அன்றைக்குக் கடையில் புடவைகளைப் பார்சல் கட்டி வாங்க வேண்டிய நாள். கடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

முனியம்மாவின் புருஷன் கன்னியப்பனின் ரிக்ஷாவில் சாயந்திரம் கிளம்பினேன். லஸ் முனையில் செயின் கழன்றது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் டின் கைப்பையிலிருந்து நழுவி உருண்டு நடுரோட்டுக்குப் போய்விட்டது. பின்னால் பஸ். நான் கத்திய கத்தலில் கன்னியப்பன் செயினை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். டிரைவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கன்னியப்பன் டின்னை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார்.

"ஆட்டாதீங்க!"

"நகையாமா?"

"பூச்சி."

அவர் டின்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பூச்சிக்கா நான் பஸ்ஸாண்ட நின்னேன்? இத்த எம் பொஞ்சாதியாண்ட சொல்லிக்கினு இருக்காத நைனா" என்றார். பெண்பிள்ளையை நைனா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் கேட்டேன்.

பொங்கலுக்கு முதல் நாள் சாயந்திரம் தியாகராய நகரில் தரை தெரியாது, தலைதான் தெரியும். கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்குத் தள்ளி ஓரத்தில் உட்கார்ந்தேன். என் புடவைகளை மேஜையில் வரிசையாக வைத்துச் சரிபார்த்தார்கள். கைப்பைக்குள் ஏதோ சுரண்டுகிற சத்தம். டின்னைத் திறந்தேன். கூட்டின் தலைப்பக்கம் வெடித்திருந்தது. ஈரமாக, கசங்கிப்போய், ஒரு பிராணி கால்களை ஊன்றி வெளியே வந்துகொண்டிருந்தது.

நான் வரைந்த அம்புக்குறியில் இது எதுவுமே இல்லை. இவ்வளவு பாடு படும் என்று இல்லை. இறக்கை இரண்டும் ஊறின காகிதம் மாதிரி சின்னதாகத் தொங்கின. இனி அது எங்காவது ஏறித் தொங்கவேண்டும். தொங்கினால்தான் இறக்கை விரியும். கீழே கிடந்தால் கசங்கியபடியே காய்ந்து ஆயுளுக்கும் பறக்காது. டின் வழுக்கியது. மேஜை கண்ணாடி. ஏறி ஏறி விழுந்தது. சொரசொரப்பாக என் கைக்கு எட்டியது ஒன்றுதான், அந்தப் பச்சைப் புடவையின் ஜரிகைக் கரை. மடிப்பை உதறி, என் தோளில் போட்டு, தலைப்பில் பூச்சியை ஏற்றிவிட்டேன். கால்களால் ஜரிகையைப் பற்றிக்கொண்டு தொங்கியது.

"பட்டுல பூச்சி!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணாச்சி கல்லாவை விட்டு மீட்டர் கோலோடு வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஏ சொர்ணம்! கடைக்கே கொண்டாந்துட்டியா?" கோலை ஓங்கினார்.

"அடிங்க அண்ணாச்சி. ஆனா புடவையிலதான் விழும்."

கோல் மேலேயே நின்றது. ஆயுசு முழுக்கப் பட்டை விரித்தும் மடித்தும் பழகின கை, பட்டின்மேல் அடிக்க வராது. எனக்கு அது அந்த நிமிஷம் வரை தோன்றவேயில்லை, சத்தியமாக. தோன்றியதும் விடுவதாக இல்லை. "இன்னொண்ணு. சாம்பிராணி போடக் கூடாது. புகை ஆகாது இதுக்கு." விளக்கு வைக்கிற நேரம், சாம்பிராணித் தட்டோடு வந்த ஆள் அப்படியே நின்றார்.

கூட்டம் கூடிவிட்டது. போகச் சொன்னால் யாரும் போகவில்லை. எங்கள் ஊர் ரப்பர் எஸ்டேட்டில் தெலுங்கர்கள் உண்டு, ஆகவே பக்கத்தில் ஒரு தெலுங்கு அம்மாள் மகளிடம் சொன்னது எனக்குப் புரிந்தது. "பேசாதேடி, பிள்ளை பெற்ற இடத்தில் சத்தம் போடக் கூடாது" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கை விரிந்து இறங்கியது. இலைப்பச்சை, நடுவில் ரோஜா நிறம், வெள்ளை வரிகள். மியூசியத்தில் ஊசி குத்திக் கிடந்தது இதன் பிணம் என்று அப்போதுதான் புரிந்தது.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "வாய் எங்க இருக்கு?" சுருட்டி வைத்திருந்த குழாயைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வாசலில் எங்கு பார்த்தாலும் விளக்கு வெளிச்சம். அங்கே விட்டால் விளக்கில் முட்டிச் சாகும். பின்கட்டுச் சந்து இருட்டாக இருக்கும் என்று தோளில் பூச்சியோடு நடந்தேன். புடவை தரையில் இழுபட்டது. அது பொறுக்காமல் அண்ணாச்சி பின்னாலேயே வந்து மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சந்தில் ஆளுக்கொரு முனையோடு நின்றோம். பூச்சி இறக்கையை நடுக்கி உடம்பைச் சூடேற்றியது. கூட்டுக்குள் சேர்ந்த கழிவை ஒரு சொட்டாக ஜரிகைக்குப் பக்கத்தில் விட்டது. அப்புறம் பறந்தது. என் காதை உரசிக்கொண்டு, மதிலைத் தாண்டி, போயே போய்விட்டது.

அண்ணாச்சி புடவையைத்தான் பார்த்தார். பச்சையில் பழுப்பாக ஒரு பொட்டு. "பாத்தியா? ஒண்ணும் செய்யாதுன்னியே."

"அரிக்கலையே அண்ணாச்சி. கறைதான்."

"கறை பட்டதைக் கல்யாணப் பிள்ளைக்கு எப்படிக் குடுக்க?"

"அவளுக்கு வேற எடுத்துத் தாங்க. இது எனக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயசையோ சந்தனக் கலரையோ பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் பதில் தயாராக இருந்தது. அவர் தன் முனையைக் கொண்டுவந்து என் முனையோடு சேர்த்து மடித்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் பொங்கலுக்கு அதைத்தான் உடுத்தினேன். பானை பொங்கும் நேரத்துக்கு மதினி என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "உள்ள மடிச்சுக் கெட்டு பிள்ள, கறை தெரியுது" என்றாள்.

"தெரியட்டும் மதினி" என்றேன். அது முந்தானையில் முன்னால் வந்து விழுகிற மாதிரி பார்த்துத்தான் உடுத்தியிருந்தேன்.